மாறு, மாற்று, மாற்றம்: தமிழில் புதிதாக எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

தமிழில் எழுதத் தொடங்கும் எவருக்கும் மிக விரைவில் தேவைப்படும் சொற்களில் ஒன்று ‘மாற்றம்’. அறிவிப்பு, விண்ணப்பம், செய்தி, பள்ளிக் கட்டுரை என எதை எழுதினாலும், ஏதோ ஒன்று முன்பிருந்தபடி இப்போது இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. உடனே கை ‘மாற்றம்’ என்ற பெயர்ச்சொல்லை நாடுகிறது. அப்படிப் பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்குவதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம் என்பது என் எண்ணம். இந்தச் சொற்குடும்பத்தின் உயிர் ‘மாறு’, ‘மாற்று’ என்னும் இரண்டு வினைகளில் இருக்கிறது. அவற்றைப் பிரித்தறிந்தவருக்கு மாற்றம், மாறுதல், மாற்று, மாறுபாடு ஆகிய பெயர்களைக் கையாள்வது எளிதாகிவிடும். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் வேறு மொழியில் படித்து, இப்போது தமிழில் எழுத வருகிறவர்களையும், தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் வினையைத் தீர்மானியுங்கள்

எழுதுமுன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது தானாக நிகழ்ந்ததா, அல்லது ஒருவர் செய்ததா? தானாக நிகழ்ந்திருந்தால் ‘மாறு’ என்னும் தன்வினையையும், ஒருவர் செய்திருந்தால் ‘மாற்று’ என்னும் பிறவினையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘காற்றின் திசை மாறியது’ என்கிறோம்; ‘மாலுமி கப்பலின் திசையை மாற்றினார்’ என்கிறோம். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒற்றை ‘ற்’ மட்டுமே. இப்படி ஒற்று இரட்டித்துத் தன்வினை பிறவினையாவது தமிழில் பரவலான முறை. ஏறு, ஏற்று என்பதும், ஆறு, ஆற்று என்பதும், தேறு, தேற்று என்பதும், ஓடு, ஓட்டு என்பதும் அதே அச்சில் வார்க்கப்பட்டவைதாம்.

இரண்டு வினைகளும் காலம் காட்டும் முறையில் வேறுபடுவதில்லை. மாறினேன், மாறுகிறேன், மாறுவேன் என்பதைப் போலவே மாற்றினேன், மாற்றுகிறேன், மாற்றுவேன் என்று வரும். ஆகவே எழுத்தில் ஒரு ‘ற்’ விடுபட்டாலும் பிழையென்று கண்ணுக்குத் தோன்றாத, ஆனால் பொருள் வேறாகிவிட்ட ஒரு வாக்கியம் கிடைத்துவிடும். இதற்குக் காதின் உதவியை நாடுவது நல்லது. பேச்சுத் தமிழில் ‘ற்ற’ என்பது ‘த்த’ என்று ஒலிக்கிறது. சென்னையில் ‘மாத்திட்டாங்க’ என்றும், யாழ்ப்பாணத்தில் ‘மாத்திப்போட்டினம்’ என்றும் சொல்கிறார்கள். ‘மாறு’ மட்டும் பேச்சிலும் ‘மாறு’ என்றே நிற்கிறது. எழுதும்போது ஐயம் எழுந்தால், அந்த வாக்கியத்தை வீட்டில் பேசுகிறபடி ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாவில் ‘மாத்து’ வந்தால் எழுத்தில் ‘மாற்று’ என்றும், ‘மாறு’ வந்தால் ‘மாறு’ என்றும் எழுத வேண்டும்.

இந்த வேறுபாடு எத்தனை முக்கியமானது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். முதியவர் ஒருவரைப் பகலில் ஒரு மகளும் இரவில் இன்னொரு மகளும் கவனித்துக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். மாலையில் புறப்படும் மகள், ‘அப்பாவின் மருந்து மாறிவிட்டது’ என்று ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறாள். இதைப் படிக்கும் தமிழர் பலருக்கும் உடனே தோன்றும் பொருள், ஒரு மருந்துக்குப் பதிலாகத் தவறுதலாக வேறொரு மருந்தைக் கொடுத்துவிட்டார்கள் என்பதே. அவள் சொல்ல நினைத்ததோ, ‘மருத்துவர் மருந்தை மாற்றியிருக்கிறார்’ என்பது. ஒன்று பதறி ஓட வேண்டிய செய்தி; மற்றது புதிய சீட்டைப் பார்த்து மாத்திரை கொடுத்தால் போதுமான செய்தி. ‘மாறிவிட்டது’ என்பதற்கு ‘ஒன்றின் இடத்தில் தவறாக இன்னொன்று வந்துவிட்டது’ என்ற பொருள் அன்றாடத் தமிழில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. திருமண மண்டபத்தின் வாசலில் ‘செருப்பு மாறிவிட்டது’ என்று ஒருவர் சொன்னால், வேறு யாரோ அவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார் என்று பொருள். விமான நிலையத்தில் பெட்டி மாறுவதும், தேர்வு அறையில் விடைத்தாள் மாறுவதும் இதே வகை. ‘வழி மாறி வந்துவிட்டேன்’ என்பவர் வழிதவறியவர். எனவே ‘மாறு’ என்று எழுதும்போது, அது இயல்பாக மாறியதா, தவறுதலாக இடம் மாறியதா என்பது சுற்றியுள்ள சொற்களிலிருந்து தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வினையைத் தேர்வதில் பொறுப்பும் அடங்கியிருக்கிறது. ஒரு நிறுவனம் ‘கட்டணம் மாறியுள்ளது’ என்று அறிவிக்கும்போது, மழை பெய்ததைப் போலக் கட்டணமும் தானாக மாறிவிட்டது என்ற தோற்றம் உண்டாகிறது. ‘கட்டணம் மாற்றப்பட்டுள்ளது’ என்ற செயப்பாட்டுவினை, யாரோ மாற்றினார்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறது. ‘கட்டணத்தை மாற்றியுள்ளோம்’ என்பது முழுப் பொறுப்பையும் ஏற்கும் வாக்கியம். மூன்றுமே இலக்கணப்படி சரியானவைதாம். ஆனால் செய்தவர் நீங்களாக இருக்கும்போது மூன்றாவதை எழுதுவதே நேர்மையானது என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது வேற்றுமை உருபு

‘மாற்று’ செயப்படுபொருளை வேண்டும் வினை; ஆகவே ‘ஐ’ உருபை இயல்பாக ஏற்கும். ‘முகவரியை மாற்றினேன்’, ‘கடவுச்சொல்லை மாற்றுங்கள்’ என்பன போல எழுதலாம். ‘மாறு’ தன்வினையாக இருந்தும், உருபு இல்லாத ஒரு பெயரைத் தனக்கு முன்னால் ஏற்றுக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. இது கற்பவர்களைத் திகைக்க வைப்பதைப் பார்த்திருக்கிறேன். ‘நாங்கள் வீடு மாறினோம்’, ‘தாம்பரத்தில் ரயில் மாற வேண்டும்’, ‘அவர் கட்சி மாறினார்’ என்பவை அத்தகையவை. இங்கே வீடும் ரயிலும் கட்சியும் மாற்றமடையவில்லை. எழுவாயாக இருப்பவர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார். ‘கட்சி மாறினார்’ என்றால் வேறு கட்சியில் சேர்ந்தார் என்று பொருள். ‘கட்சியை மாற்றினார்’ என்றால், அந்தக் கட்சிக்குள்ளேயே இருந்து அதன் போக்கை வேறாக்கினார் என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. ‘வீட்டை மாறினோம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ‘ஐ’ வந்தால் ‘மாற்று’ வரவேண்டும்.

ஒன்று எதுவாக ஆகிறதோ அதற்கு ‘ஆக’ சேரும். ஒருவர் எதை நோக்கிப் பெயர்கிறாரோ அதற்குக் ‘கு’ சேரும். நீர் நீராவியாக மாறுகிறது. விவசாயிகள் சொட்டுநீர்ப் பாசனத்திற்கு மாறுகிறார்கள். புறப்பட்ட இடத்தைச் சொல்ல வேண்டுமானால் ‘இலிருந்து’ என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

துணைவினைகள் தரும் நுட்பம்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படிக்க வேண்டுகிறேன், ஏனெனில் தமிழ் பேசுவோரின் மனநிலை வெளிப்படுவது பெரும்பாலும் இங்கேதான். ‘ஊர் மாறியது’ என்பது செய்தி. ‘ஊர் மாறிவிட்டது’ என்பது முடிந்துபோன, இனித் திரும்பாத மாற்றம். ‘ஊர் மாறிப்போய்விட்டது’ என்று சொல்பவரிடம் ஓர் இழப்புணர்வு இருக்கிறது. ‘மாறிக்கொண்டே வருகிறது’ என்பது மாற்றம் இன்னும் நடந்துகொண்டிருப்பதையும், சொல்பவர் அதைத் தொடர்ந்து கவனித்து வருவதையும் காட்டுகிறது. நகரமயமாதல் பற்றிய கட்டுரையில் ‘மாறிப்போயிற்று’ என்று எழுதினால், நீங்கள் வருந்துகிறீர்கள் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். அந்த வருத்தம் உங்களுக்கு இல்லையென்றால் ‘மாறியிருக்கிறது’ என்று எழுதுவதே பொருந்தும்.

‘கொள்’ என்ற துணைவினை ‘மாற்று’ என்பதோடு சேரும்போது செயலின் பயன் செய்தவரையே சாரும். ‘அவர் கருத்தை மாற்றினார்’ என்ற வாக்கியத்தில் யாருடைய கருத்து என்பது தெளிவில்லை. அவருடையதாகவும் இருக்கலாம், அவர் பேசி மனம் மாற்றிய இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். ‘கருத்தை மாற்றிக்கொண்டார்’ என்றால் தம்முடைய கருத்தையே என்பதில் ஐயமில்லை. இருவர் எழுவாயாக வந்தால் இதே சொல் பரிமாற்றத்தைக் குறிக்கும்: ‘இருவரும் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள்’.

இரட்டித்து வரும் வடிவங்களிலும் கவனம் தேவை. ‘வெயிலும் மழையும் மாறி மாறி வந்தன’ என்றால் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன என்று பொருள். ‘அவர் மாற்றி மாற்றிப் பேசுகிறார்’ என்றாலோ அது குற்றச்சாட்டு. நேற்று சொன்னது வேறு, இன்று சொல்வது வேறு என்று பொருள். ஒரு மேடையில் இரண்டு பேச்சாளர்கள் முறைவைத்துப் பேசியதை எழுதுகிறவர், ‘மாறி மாறிப் பேசினார்கள்’ என்று எழுத வேண்டிய இடத்தில் மற்றதை எழுதிவிட்டால் அவர்களைப் பொய்யர்கள் ஆக்கிவிடுவார்.

இப்போது பெயர்ச்சொற்களுக்கு வரலாம்

‘மாற்றம்’ என்பது மாறியதன் விளைவையும் மாறும் நிகழ்வையும் குறிக்கும் பொதுச்சொல். காலநிலை மாற்றம், மனமாற்றம், மதமாற்றம், உருமாற்றம் என்று மிகப் பரந்த இடங்களில் அது வழங்குகிறது. ‘மாறுதல்’ என்பது தொழிற்பெயர். பொருளில் மாற்றத்திற்கு நெருக்கமானதுதான் என்றாலும், தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் அதற்கென்று உறுதியான சில இடங்கள் இருக்கின்றன. நில ஆவணத்தில் உரிமையாளர் பெயரை மாற்றக் கோருவது ‘பட்டா மாறுதல்’. ஆசிரியர்களின் பணியிடங்களை மாற்றுவதற்கு நடப்பது ‘மாறுதல் கலந்தாய்வு’. விண்ணப்பம் எழுதும்போது அலுவலகம் பயன்படுத்தும் சொல்லையே பயன்படுத்துங்கள். ‘பட்டா மாற்றம்’ என்று எழுதினாலும் புரியும், ஆனால் படிவத்தில் நீங்கள் தேடும் தலைப்பு ‘மாறுதல்’ என்றே இருக்கும். இலங்கையில் அலுவலர்களின் பெயர்வுக்கு ‘இடமாற்றம்’ என்பதே பழக்கமான சொல். பள்ளியை விட்டு விலகும் மாணவருக்குத் தமிழ்நாட்டில் தருவது ‘மாற்றுச் சான்றிதழ்’. இலங்கையில் அதே தேவைக்குப் ‘பாடசாலை விடுகைப் பத்திரம்’ என்று கேட்க வேண்டும். பாடநூல்களிலும் இத்தகைய வேறுபாடு உண்டு: தமிழ்நாட்டு மாணவர் ‘மாறுதிசை மின்னோட்டம்’ என்று படிப்பதை இலங்கை மாணவர் ‘ஆடலோட்டம்’ என்று படிக்கிறார், ‘வேதியியல் மாற்றம்’ அங்கே ‘இரசாயன மாற்றம்’. எந்த நாட்டு வாசகருக்கு எழுதுகிறீர்கள் என்பதை முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

‘மாற்று’ என்பது வினையாக மட்டுமன்றிப் பெயராகவும் வரும். அப்போது ஒன்றற்குப் பதிலாக நிற்பது, ஒன்றிலிருந்து வேறானது என்று பொருள்படும். மாற்றுப் பாதை, மாற்றுச் சாவி, மாற்றுக் கருத்து, மாற்று மருத்துவம் ஆகியவை இவ்வகையின. தமிழ்நாட்டில் அரசுத் துறையின் பெயரிலேயே இடம்பெற்றுள்ள ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லும் இந்தப் பொருளில்தான் அமைந்தது. ஒரு குறையைச் சுட்டும் பழைய சொற்களை விட்டு, வேறு வகையான திறனைச் சுட்டுகிறது என்பதால் அதையே நான் எழுதுகிறேன். பண்டமாற்று, உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை ஆகியவற்றில் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுதல் அல்லது ஒன்றை எடுத்து ஒன்றை வைத்தல் என்ற பொருள் மேலோங்கும். பத்தரை மாற்றுத் தங்கம் என்னும்போது மட்டும் அது உரைகல்லில் உரைத்து அறியும் பொன்னின் தரத்தைக் குறிக்கிறது.

இந்தப் பெயரை எழுதும்போது ஒற்று மிகுவதை மறக்கக் கூடாது. ‘மாற்று’ வன்றொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின ஒற்றை அடுத்து உகரம் குறுகி ஒலித்து முடியும் சொல். ஆகவே அடுத்து க, ச, த, ப என்ற வல்லின எழுத்துகளில் தொடங்கும் சொல் வந்தால், மாற்றுக் கருத்து, மாற்றுச் சாவி, மாற்றுத் துணி, மாற்றுப் பாதை என ஒற்று மிகும். ‘மாறு’ முன்னிற்கும் வினைத்தொகைகளில், அதாவது காலம் காட்டாத வினையும் பெயரும் சேர்ந்த சொற்களில், மிகாது. மாறுகண், மாறுதிசை என்றே எழுதுகிறோம். கணினித் திரையில் பொத்தான்களுக்குப் பெயரிடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘மாற்று மொழி’ என்று எழுதினால் வேறொரு மொழி என்ற பொருள் வந்துவிடும். மொழியை மாற்றச் சொல்ல வேண்டுமானால் ‘மொழியை மாற்று’ என்றோ ‘மொழியை மாற்றவும்’ என்றோ எழுத வேண்டும்.

‘மாறுபாடு’ என்பது இரண்டு பொருள்கள் தம்முள் ஒவ்வாமல் இருப்பதைச் சொல்வது. காலத்தால் நிகழும் மாற்றத்திற்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். ‘மாறுபாடு இல்லாத உண்டி’ என்று திருக்குறள் (945) சொல்வது உடலோடு ஒவ்வாமை கொள்ளாத உணவைத்தான்.

தோற்றத்தால் மயக்கும் சொற்கள்

‘பின்வருமாறு’, ‘கேட்குமாறு’, ‘அனுப்புமாறு’ ஆகியவற்றில் உள்ள ‘மாறு’ நாம் பேசிவரும் சொல் அன்று. அது வழி, முறை என்று பொருள்படும் ‘ஆறு’. பின்வரும் + ஆறு என்று பிரித்தால் தெளிவாகும். ‘விளக்குமாறு’ என்ற துடைப்பத்தில் வரும் ‘மாறு’ வேறொரு சொல். பொருளை ‘விளக்குமாறு’ கேட்கும்போது அதே எழுத்துகள் வருவதால், ‘விளக்கும்படி’ என்று எழுதிவிடுவது பாதுகாப்பானது.

‘கைம்மாறு’ என்பது பெற்ற உதவிக்குத் திரும்பச் செய்வது. ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று மழையை முன்வைத்துக் குறள் (211) பேசுகிறது. ‘கைமாற்று’ என்பதோ பத்திரம் எழுதாமல், குறுகிய காலத்தில் திருப்பித் தருவதாகச் சொல்லிப் பழகியவரிடம் வாங்கும் பணம். நண்பர் தந்த ‘கைமாற்றை’ நீங்கள் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். ‘கைம்மாறு’ கருதாமல் அவர் செய்த உதவிக்கு நன்றி சொன்னால் போதும்.

கணக்குப் பாடத்தில் வரும் ஓர் இணை இன்னும் கடினமானது. ‘நேர்மாறு’ என்றால் பொதுவழக்கில் முற்றிலும் எதிரானது. ஆனால் ‘நேர் மாறல்’ என்றால், ஒரு பொருளின் எண்ணிக்கை கூடும்போது அதன் விலையும் அதே விகிதத்தில் கூடுவதைப் போல, இரண்டு அளவுகள் ஒரே போக்கில் மாறுவது. அதற்கு எதிரானதன் பெயர் ‘எதிர் மாறல்’. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவர்கள் இதை முதல் நாளே பிரித்துக் காட்டிவிட்டால் பின்னால் துன்பம் இல்லை.

பழைய நூல்களைப் படிக்கும்போது

பழைய இலக்கியத்தில் ‘மாற்றம்’ என்ற சொல்லைக் கண்டவுடன் இன்றைய பொருளைப் பொருத்திவிடக் கூடாது. அங்கே அதற்குச் சொல், பேச்சு, மறுமொழி என்ற பொருள்கள் பெருவழக்கு. ‘அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு’ என்ற குறளில் (725) பேசப்படுவது, அவையில் அஞ்சாமல் விடை சொல்வது. மாணிக்கவாசகரின் சிவபுராணத்தில் இரண்டு பொருளும் ஒருங்கே கிடைக்கின்றன: ‘மாற்றம் மனங்கழிய நின்ற மறையோனே’ என்னும் இடத்தில் சொல்லையும் மனத்தையும் கடந்து நின்றவன் என்கிறார், பல அடிகள் கடந்து ‘மாற்றமாம் வையகத்தின்’ என்னும்போது மாறிக்கொண்டே இருக்கும் உலகைச் சொல்கிறார். அன்றாடம் ஓதுகிறவர்கள்கூட இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கடந்துபோவதுண்டு.

பழைய பொருள் தேவைப்படும்போது, 1924 முதல் 1936 வரை தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள். இன்றைய வழக்கைத் தெரிந்துகொள்ள, 1992இல் முதற்பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு உதவும்.

‘மாற்றம்’ தேவையில்லாத இடங்கள்

சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்ப்பதும் நீக்குவதும் ‘திருத்தம்’. பால் கெட்டால் ‘திரிந்துவிட்டது’ என்போம். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது ‘ன்’ என்பது ‘ற்’ ஆவதை இலக்கணம் ‘திரிதல்’ என்கிறது. கடையில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி ‘மாற்றம்’ கேட்க முடியாது. ‘சில்லறை’ கேட்கலாம், ‘மாற்றித் தாருங்கள்’ எனலாம். திருப்பித் தரும் பணத்தைத் தமிழ்நாட்டில் ‘மீதி’ என்பார்கள்; ‘மிச்சக் காசு’ என்று கேட்கும் இலங்கைத் தமிழரையும் காணலாம்.

எழுதி முடித்தபின்

முடித்தவுடன், ‘மாற்றம் செய்’, ‘மாற்றம் ஏற்படு’, ‘மாற்றம் கொண்டுவா’ போன்ற தொடர்கள் எங்கெல்லாம் வந்திருக்கின்றன என்று தேடுங்கள். பெரும்பாலான இடங்களில் ஒற்றை வினை போதும். ‘குடிநீர் விநியோக நேரத்தில் மாற்றம் செய்யப்பட்டுள்ளதால், குடியிருப்போர் தங்கள் பயன்பாட்டு நேரத்தில் உரிய மாற்றம் மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று அடுக்ககத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்காக ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதில் நேரத்தை மாற்றியவர் யார், பழைய நேரம் எது, புதிய நேரம் எது, எந்த நாளிலிருந்து என்ற நான்கில் ஒன்றுகூட இல்லை. அவற்றுக்குப் பதிலாக ‘மாற்றம்’ இரண்டு முறை இருக்கிறது. நான்கையும் நிரப்பினால் அறிவிப்பு இப்படி அமையும்: ‘குடிநீர் வரும் நேரத்தைச் சங்க நிர்வாகம் மாற்றியிருக்கிறது. வரும் திங்கட்கிழமை முதல், காலை 6 மணிக்குப் பதிலாக 7 மணிக்குத் தண்ணீர் வரும். சமையலுக்கு முன்கூட்டியே தண்ணீர் தேவைப்படுவோர் முந்தைய இரவே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.’